கிணற்றுத் தண்ணீரா, மருந்தடிப்பா, இரவு வேலையா?



வால்தம்ஸ்டோவில், ஹோ ஸ்ரீற்றிலிருந்து இரண்டு தெரு தள்ளியுள்ள ஒரு வீட்டுக்கு அண்மையில் போக நேர்ந்தது. வைத்தியசாலைக் கடிதமொன்றை வாசித்து விளங்கப்படுத்துமாறு கூப்பிட்டிருந்தார்கள். வீட்டுக்காரருக்கு வயது அறுபத்திரண்டு. புறொஸ்ரேற் சுரப்பியில் புற்றுநோய் என்று கண்டுபிடித்திருந்தார்கள். ஆனால் கடிதத்தில் இருந்தது நல்ல செய்தி. நோய் சிறியது, மெதுவாக வளர்வது, இப்போதைக்கு வெட்டவோ கதிர்ச் சிகிச்சை செய்யவோ தேவையில்லை, குறித்த கால இடைவெளியில் பார்த்துக்கொள்வோம் என்று எழுதியிருந்தார்கள்.

அறைக்குள் அவரைப் பார்க்க வந்த நாலு பேர் இருந்தார்கள். கடிதத்தில் என்ன இருக்கின்றது என்பதைவிட இந்த வருத்தம் ஏன் வந்தது என்பதில்தான் அவர்களுக்கு அக்கறை. ஒருவர் ஊர்க் கிணற்றுத் தண்ணீர் என்றார். இன்னொருவர், "மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் வெறுங்கையோட மருந்தடிச்சது இப்ப வேலை காட்டுது" என்றார். மூன்றாமவர் பதினாலு வருடப் பெற்றோல் ஸ்ரேசன் இரவு வேலையைக் குற்றம் சொன்னார். நாலாமவர் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு மாதிரிச் சிரித்தார். அந்தச் சிரிப்பின் அர்த்தம் அங்கிருந்த எல்லோருக்கும் விளங்கியது.

தேநீர்க் கோப்பையை வைக்கக் குசினிக்குள் போனேன். வீட்டுக்கார அக்கா மெதுவாகக் கேட்டா: "தம்பி, ஒண்டு கேக்கட்டே? இது தொத்துற வருத்தமே?" அப்போதுதான் கண்டேன். ஒரு கோப்பையும் ஒரு தட்டும் தொட்டியின் ஓரத்தில் தனியாகக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன.

அவர்களிடம் கேட்டுத்தான் இதை எழுதுகிறேன். பெயரும் தெருவும் வேண்டாம். ஆனால் அந்த அறையில் எழுந்த கேள்விகள் எம்மவர் பலருடைய வீடுகளிலும் எழுகின்றன. ஆகையால் இம்முறை இந்தப் பக்கத்தை அவற்றுக்கே ஒதுக்குகிறேன்.

முதலில் அக்காவுக்குச் சொன்ன பதிலையே இங்கும் சொல்லிவிடுகிறேன். இந்நோய் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றாது. தட்டில் தொற்றாது, துவாயில் தொற்றாது, படுக்கையில் தொற்றாது. கணவனிடமிருந்து மனைவிக்கு வராது. பேரப்பிள்ளையை மடியில் வைத்திருப்பதாலும் ஒன்றும் ஆகாது.

புறொஸ்ரேற் என்பதை எமது பாடப்புத்தகங்கள் முன்னிற்கும் சுரப்பி என்று எழுதும். ஆண்களுக்கு மட்டுமே உள்ள சுரப்பி இது. சலப்பைக்குக் கீழே, சலம் போகும் குழாயைச் சுற்றிப் பெரிய நெல்லிக்காய் அளவில் இருக்கும். வயது போகப் போகப் பெரிதாகும். இரவில் நாலு தடவை எழும்புவதும், சலம் தயங்கித் தயங்கிப் போவதும் பெரும்பாலும் இந்தச் சாதாரண வீக்கத்தால் வருபவை. புற்றுநோய் என்பது வேறு. ஆரம்பத்தில் அது எந்த அறிகுறியையும் காட்டாமலே இருக்கலாம். அதுதான் அதன் தொல்லை.

புற்றுநோய்க்கு வெளியில் ஒரு காரணம் இருக்கும் என்ற எண்ணம் பிழையானதல்ல. அது பிறந்ததே இந்த இலண்டனில்தான் எனலாம். 1775இல் சென் பார்த்தலோமியு வைத்தியசாலையின் சத்திரசிகிச்சை நிபுணர் பேர்சிவல் பொட், புகைபோக்கி துடைக்கும் தொழிலாளருக்கு விதைப்பையில் வரும் புற்றுநோய்க்குக் கரிப்புகையே காரணம் என்று எழுதினார். சிறு பையன்களாகப் புகைபோக்கிக்குள் இறக்கப்பட்டவர்கள் அவர்கள். அதன்பின் 1853இல், வைற்சப்பலில் இருக்கும் லண்டன் வைத்தியசாலையின் ஜோன் அடம்ஸ் என்பவர் ஒரு நோயாளியின் புறொஸ்ரேற் திசுவை நுணுக்குக்காட்டியில் பார்த்துப் புற்றுநோய் என உறுதிசெய்து எழுதினார். இப்படி உறுதிசெய்யப்பட்ட முதல் நோயாளியாக அவர் கணிக்கப்படுகின்றார். இது மிக அரிதான நோய் என்று அடம்ஸ் குறிப்பிட்டார். இன்று இந்நாட்டில் ஆண்களுக்கு மிக அதிகமாகக் கண்டுபிடிக்கப்படும் புற்றுநோய்களில் ஒன்று இது. அந்த இரண்டு வைத்தியசாலைகளும் எமது விப்ஸ் குறொஸ் வைத்தியசாலையும் 2012 முதல் பார்ட்ஸ் ஹெல்த் என்ற ஒரே நிருவாகத்தின் கீழ் உள்ளன. எமக்கு வரும் கடிதத்தின் தலைப்பிலும் அந்தப் பெயரைக் காணலாம்.

சரி, அந்த நாலு பேருடைய கதைக்கு வருவோம்.

கிணற்றுத் தண்ணீர் முதலில். யாழ்ப்பாணக் குடாநாட்டின் நிலத்தடி சுண்ணாம்புக் கல். மேலே போடும் உரமும் மலகூடக் குழியின் கழிவும் அதனூடாக இலகுவில் கிணற்றுக்குள் இறங்கும். எனவே நைத்திரேற்று அதிகமாக உள்ள கிணறுகள் அங்கே பல. அப்படிப்பட்ட தண்ணீரில் கைக்குழந்தைக்குப் பால்மா கரைப்பது ஆபத்தானது. 2014, 2015 காலத்தில் சுன்னாகத்தை அண்டிய கிணறுகளில் எண்ணெய் மிதந்ததும் ஊருடன் தொடர்புள்ள எல்லோருக்கும் தெரியும். இவை உண்மையான பிரச்சினைகள், தீர்க்கப்பட வேண்டியவை. ஆனால் இந்தத் தண்ணீருக்கும் புறொஸ்ரேற் புற்றுநோய்க்கும் தொடர்பு உண்டு என்று எவரும் நிறுவவில்லை.

மருந்தடிப்பு விடயம் அப்படித் தட்டிவிடக் கூடியதல்ல. அதைச் சொன்னவரை நான் கொஞ்சம் கவனமாகவே கேட்டேன். ஊரில் மலேரியாவுக்கு வீடு வீடாக மருந்தடிக்க வந்தவர்களை மூத்த வாசகர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். டி.டி.ரி.க்கு நுளம்பு சாகாமல் போனபின், 1970களின் நடுப்பகுதியிலிருந்து இலங்கையில் மலத்தியன் அடித்தார்கள். சுவரில் வெள்ளையாகப் படியும், நாற்றம் நாட்கணக்கில் நிற்கும். அந்த மலத்தியனை, உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் 2015இல் "மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்கக் கூடும்" என்ற வகையில் சேர்த்தது. பட்டியலில் இது இரண்டாவது படி. நிச்சயம் என்ற படிக்கு ஒன்று கீழே. மனிதரிடம் கிடைத்த மட்டுப்படுத்தப்பட்ட சான்றுகளில் புறொஸ்ரேற் புற்றுநோயும் ஒன்று. அமெரிக்காவில் அயோவா, வட கரோலினா மாநிலங்களில் பூச்சிமருந்து தெளிக்கும் ஐம்பதினாயிரத்துக்கும் மேற்பட்டோரை 1993 முதல் தொடர்ந்து அவதானித்து வருகிறார்கள். அவர்களிடையே இந்நோய் ஏனையோரைவிடச் சற்று அதிகமாகக் காணப்பட்டது. ஆயினும் இங்கே கவனிக்க வேண்டியது, அவர்கள் ஆண்டுக்கணக்காக மருந்தைக் கலக்கித் தெளித்த தொழிலாளர்கள். சுவரில் அடித்த வீட்டுக்குள் இருந்தவரின் நிலை அதுவல்ல.

இதிலும் பெரிய கதை கரீபியன் தீவுகளான குவாடலூப், மார்த்தினிக் ஆகியவற்றின் கதை. பாரிசில் உறவினர் உள்ளவர்கள் கேள்விப்பட்டிருக்கலாம். அங்கு வாழைத்தோட்டங்களில் வாழைக் கிழங்கைத் துளைக்கும் வண்டுக்கு எதிராகக் குளோர்டெக்கோன் என்ற மருந்தை 1970களிலிருந்து 1993 வரை பாவித்தார்கள். பிரான்சின் பெருநிலத்தில் 1990இலேயே தடைசெய்யப்பட்ட மருந்து அது. தீவுகளுக்கு மட்டும் விலக்களித்து மேலும் பாவிக்க விட்டார்கள். மண்ணிலிருந்து அது போகவேயில்லை. அங்குள்ள பெரும்பாலானோரின் இரத்தத்தில் அது காணப்படுகின்றது. 2010இல் வெளிவந்த குவாடலூப் ஆய்வு ஒன்று, இரத்தத்தில் அந்த மருந்து அதிகமாக இருந்தவர்களுக்குப் புறொஸ்ரேற் புற்றுநோய் வரும் ஆபத்தும் அதிகம் என்று காட்டியது. பூச்சிமருந்துடன் வேலைசெய்த விவசாயத் தொழிலாளருக்கு வரும் இந்நோயைத் தொழில்சார் நோயாக 2021 டிசெம்பரில் பிரான்ஸ் ஏற்றுக்கொண்டது. அமெரிக்காவும் 1996இல், வியட்நாமில் "ஏஜென்ற் ஒறேஞ்ச்" தெளிக்கப்பட்ட இடங்களில் இருந்த தனது படையினருக்கு இந்நோய் வந்தால் நட்டஈடு என்று அறிவித்தது. அந்த மருந்து யாருடைய காடுகளின் மேலும் வயல்களின் மேலும் கொட்டப்பட்டதோ, அந்த வியட்நாமியருக்கு என்ன கிடைத்தது என்று நான் இங்கே எழுதத் தொடங்கினால் பக்கம் போதாது.

ஆகவே மருந்தடிப்பு என்று சொன்னவர் முற்றாகப் பிழையில்லை. ஆனால் ஒரு தனி மனிதனைக் காட்டி, "உனக்கு வந்தது இதனால்தான்" என்று எந்த வைத்தியராலும் சொல்ல முடியாது.

இரவு வேலையும் அதே இரண்டாவது படியில்தான் இருக்கின்றது. 2007இல் சேர்த்தார்கள், 2019இல் மீண்டும் ஆராய்ந்து அதே படியில் வைத்தார்கள். மார்பகம், குடல், புறொஸ்ரேற் ஆகியவை சந்தேகிக்கப்படுகின்றன. உடம்பின் நேரக் கணக்குக் குழம்புவது காரணமாக இருக்கலாம் என்கிறார்கள். கேட்டதும் பயந்து நாளைக்கே வேலையை விடவேண்டாம். மாட்டிறைச்சி, ஆட்டிறைச்சியும் அதே படியில்தான். 65 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட சூட்டில் குடிக்கும் பானமும் அங்கேதான், அது உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்காக. எமது வீடுகளில் தேநீர் ஆறிப்போனால் எவ்வளவு சண்டை! அந்தப் படிகள் சொல்வது சான்று எவ்வளவு உறுதி என்பதை மட்டுமே. ஆபத்து எவ்வளவு பெரிது என்பதை அவை சொல்வதில்லை. இரவு வேலை செய்பவர்களிடம் நான் கண்ட உடனடித் தொல்லை வேறு. கடைக்குள் கிடைக்கும் சொக்கிலேற்றும் சிப்சும் குளிர்பானமும் இரவுச் சாப்பாடாகி, இரண்டு வருடத்தில் வயிறு முன்னுக்கு வந்துவிடுகின்றது. உடல் பருமன் கூடியவர்களுக்கு முற்றிய நிலைப் புறொஸ்ரேற் புற்றுநோய் வரும் ஆபத்து அதிகம் என்பதற்கு இரவு வேலையைவிட வலுவான சான்று இருக்கின்றது. புகைப்பவர்கள் இந்நோயால் இறக்கும் வாய்ப்பும் அதிகம்.

இடையில் ஒன்று. கடைகளில் "புறொஸ்ரேற்றுக்கு நல்லது" என்று விற்கும் விற்றமின் ஈ குளிசைகளை வாங்கிப் போடாதீர்கள். அமெரிக்காவிலும் கனடாவிலும் முப்பத்தையாயிரம் ஆண்களுக்கு விற்றமின் ஈ, செலீனியம் ஆகியவற்றைக் கொடுத்துப் பார்த்தார்கள். விற்றமின் ஈ மட்டும் எடுத்தவர்களுக்கு இந்நோய் 17 சதவீதம் அதிகமாக வந்தது என்று 2011இல் முடிவு வெளியானது.

இனி நாலாமவரின் சிரிப்பு.

கிருமியால் புற்றுநோய் வருவதுண்டு. வயிற்றில் ஹெலிகோபக்டர் என்ற பக்றீரியா, கருப்பைக் கழுத்தில் எச்.பி.வி. வைரசு, ஈரலில் ஹெபரைற்றிஸ் பி ஆகியன நிரூபிக்கப்பட்டவை. ஆகவே புறொஸ்ரேற்றிலும் ஒரு கிருமியைத் தேடுவது நியாயமே. பாலியல் தொடர்பால் பரவும் சில கிருமிகளையும் ஆராய்ந்தார்கள். ஒரு ஆய்வு தொடர்பு உண்டு என்றால் அடுத்தது இல்லை என்றது. நிறுவப்பட்ட கிருமி ஒன்றும் இதுவரை இல்லை.

2006இல் அமெரிக்காவின் கிளீவ்லன்ட், சான் பிரான்சிஸ்கோ ஆய்வாளர்கள் புறொஸ்ரேற் கட்டிகளில் எக்ஸ்.எம்.ஆர்.வி. என்ற புதிய வைரசைக் கண்டதாக அறிவித்தபோது உலகமே பரபரத்தது. பிறகு தெரியவந்தது என்ன? 1990களில் ஆய்வுகூடமொன்றில் மனிதக் கட்டியை எலிகளின் உடலில் வளர்த்தபோது, இரண்டு எலி வைரசுகள் கலந்து உருவானதே அது. ஆய்வுகூடப் பொருட்களூடாக மாதிரிகளுக்குள் புகுந்திருந்தது. நோயாளிகளின் உடம்பில் அது இருக்கவேயில்லை. 2012இல் அந்தக் கட்டுரையைத் திரும்பப் பெற்றார்கள். 2022இல் நொறிச் நகரின் ஈஸ்ற் அங்கிலியா பல்கலைக்கழகத்தார், வேகமாகப் பரவும் வகை நோய் உள்ளவர்களிடம் ஐந்து வகைப் பக்றீரியா கூடுதலாகக் காணப்படுவதாகச் சொன்னார்கள். அவை நோயைக் கொண்டுவந்தனவா, நோய் வந்த இடத்தில் வந்து குடியேறினவா என்பது இன்னும் தெளிவாகவில்லை. இந்த ஆராய்ச்சி தொடரட்டும். ஆனால் இதை வைத்துக்கொண்டு ஒரு மனிதனின் நடத்தையைப் பற்றிச் சிரிக்க எவருக்கும் இடமில்லை.

கிருமி நிச்சயமாகக் குழப்பம் செய்யும் இடம் ஒன்று உண்டு. அது பரிசோதனை. இரத்தத்தில் பி.எஸ்.ஏ. என்ற பொருளை அளந்து பார்ப்பார்கள். சலக்கடுப்பு, சலத்தில் கிருமித் தொற்று இருந்தால் புற்றுநோய் இல்லாமலே அந்த அளவு ஏறிவிடும். அதனால் தொற்று மாறி ஆறு கிழமை ஆகும்வரை பொறுக்கச் சொல்வார்கள். முந்திய இரண்டு நாட்களில் கடும் உடற்பயிற்சியும், சைக்கிள் ஓட்டமும், கணவன் மனைவி உறவும் கூடாது. இதைச் சொல்ல வெட்கப்பட்டு, தேவையில்லாமல் பயொப்சி வரை போனவர்களும் உண்டு. அளவு கூடியவர்களில் நாலு பேரில் மூன்று பேருக்குப் புற்றுநோய் இருப்பதில்லை. இப்போது பெரும்பாலும் முதலில் எம்.ஆர்.ஐ. ஸ்கான் எடுத்துப் பார்த்தபின்தான் ஊசிபோட்டுத் திசு எடுப்பதா என்று முடிவுசெய்வார்கள். இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியினர் நடத்தி 2017இல் வெளியிட்ட ஆய்வின் பயன் அது.

அப்படியானால் நிச்சயமாகத் தெரிந்த காரணிகள் எவை? வயது, பரம்பரை, குடும்பம். ஐம்பது தாண்டினால் ஆபத்து ஏறத் தொடங்கும். இங்கிலாந்தின் 2008 முதல் 2010 வரையான கணக்கை வைத்து 2015இல் வெளியான ஆய்வின்படி, வாழ்நாளில் வெள்ளையரில் எட்டில் ஒருவருக்கும், கறுப்பினத்தவரில் நாலில் ஒருவருக்கும், ஆசியரில் பதின்மூன்றில் ஒருவருக்கும் இந்நோய் கண்டுபிடிக்கப்படுகின்றது. எமக்குக் குறைவு என்று சந்தோசப்படலாம். ஆனால் அதே ஆய்வு இன்னொன்றும் சொல்கின்றது. நோய் கண்டுபிடிக்கப்பட்ட பின், எந்த இனத்தவராயினும் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் அதனாலேயே இறக்கின்றார். தவிர, யப்பானிலிருந்து அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தவர்களிடம், ஊரில் இருந்ததைவிட இந்நோய் அதிகரித்ததை 1960களிலேயே கண்டார்கள். நாடு மாறினால் சாப்பாடும் உடம்பும் மாறுகின்றன, பரிசோதனையும் கூடுகின்றது. ஊரில் எமக்கிருந்த குறைந்த ஆபத்து இங்கும் அப்படியே இருக்கும் என்று நம்பியிருக்க முடியாது.

குடும்பம் என்ற விடயத்தில்தான் எமக்கு ஒரு சிக்கல். தகப்பனுக்கோ சகோதரனுக்கோ இந்நோய் இருந்தால் ஆபத்து இரண்டு மடங்கு, இரண்டரை மடங்கு என்று கூடும். தாய்க்கோ சகோதரிக்கோ மார்பகப் புற்றுநோயோ சூலகப் புற்றுநோயோ வந்திருந்தால் அதையும் சொல்ல வேண்டும். சில குடும்பங்களில் இவை ஒரே மரபணுக் கோளாறால் வருகின்றன. ஜீ.பி. கேட்பார்: "உங்கள் தகப்பனாருக்கு இருந்ததா?" வெள்ளைக்காரர் உடனே பதில் சொல்வார். எம்மில் எத்தனை பேரால் முடியும்? நான் கூடப்போன அண்ணரிடமும் கேட்டார்கள். அவருடைய தகப்பன் நாற்பத்தெட்டு வயதில் ஷெல்லடியில் இறந்தவர். ஒரு தமையன் காணாமற் போனவர். இந்நோய் வரும் வயதுவரை அந்த வீட்டில் ஆண்கள் வாழவே விடப்படவில்லை. "இல்லை" என்று அவர் சொன்னார், வைத்தியரும் "இல்லை" என்று எழுதிக்கொண்டார். உண்மையான பதில் "தெரியாது" என்பது. அப்படியே சொல்லுங்கள்: அப்பா இளவயதில் போரில் இறந்தார், ஆகவே தெரியாது. சித்தப்பா, பெரியப்பா, மாமன்மார் உயிரோடு இருந்தால் கேட்டுப் பாருங்கள்.

செய்ய வேண்டியவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஐம்பது வயதான எவரும் ஜீ.பி.யிடம் பி.எஸ்.ஏ. பரிசோதனை பற்றிக் கேட்கலாம். நன்மை தீமைகளை விளக்கியபின், விரும்பினால் இலவசமாகச் செய்வார்கள். எல்லோரையும் கடிதம் போட்டுக் கூப்பிடும் திட்டம் இல்லை, நீங்கள்தான் கேட்க வேண்டும். குடும்பத்தில் நோய் உள்ளவர்கள் நாற்பத்தைந்திலேயே கதைத்துப் பாருங்கள். சலத்தில் இரத்தம் கண்டால் வயதையும் பாராமல், நாளையும் பாராமல் போங்கள். ஜீ.பி.யிடம் பதிய விசாக் கடிதமோ வீட்டு முகவரிக்கான அத்தாட்சியோ கட்டாயமில்லை. அகதி விண்ணப்பம் போட்டவர்களுக்கு வைத்தியசாலைச் சிகிச்சையும் இலவசம். புற்றுநோய்ச் சிகிச்சை பெறுபவர்களுக்கு 2009 முதல் இங்கிலாந்தில் மருந்துச் சீட்டுக்குக் காசில்லை, அதற்கொரு படிவம் ஜீ.பி.யிடம் கிடைக்கும்.

இன்னுமொன்று. மகளை மொழிபெயர்க்கக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். பதினாறு வயதுப் பிள்ளைக்கு முன்னால் எந்தத் தகப்பன் தன் சலம் போகும் கதையையும் தாம்பத்தியக் கதையையும் சொல்வான்? எல்லாவற்றுக்கும் "ஒண்டுமில்லை" என்று சொல்லிவிட்டு வருவார். பதிவு செய்யும்போதே "தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும்" என்று கேளுங்கள். காசு இல்லை. ஆண் வேண்டுமென்றாலும் சொல்லலாம்.

அந்த அண்ணர் அன்றிரவே கனடாவிலுள்ள மூத்த தமையனுக்குத் தொலைபேசி எடுத்தார். தயங்கித் தயங்கி விசயத்தைச் சொன்னார். மறுபக்கத்தில் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு தமையன் சொன்னாராம், தனக்கும் இதே வருத்தம் வந்து இரண்டு வருடத்துக்கு முந்தி ஒப்பரேசன் செய்தாயிற்று என்று. "ஏன் அண்ணை ஒருத்தருக்கும் சொல்லேல்லை?" என்று கேட்டதற்கு, "சனம் என்ன கதைக்குமோ எண்டுதான்" என்றாராம். இப்போது பாரிசில் இருக்கும் கடைசித் தம்பிக்கும், இங்கே இருக்கும் இரண்டு மகன்மாருக்கும் சொல்லியாயிற்று. ஜீ.பி.யின் பதிவில் இருந்த "இல்லை"யை மாற்றுவதற்கு அடுத்த செவ்வாய்க்கிழமை நானும் கூடப் போகிறேன்.